அமெரிக்கக் கிராமத்தில் கரண்ட் சங்கம்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். உங்கள் அக்கா மகள் கல்யாணமாகிப் போய் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு நாட்டுப்புறப் பகுதியில் குடியிருக்கிறார். அங்கே மின்சாரம் தருவது ஒரு கூட்டுறவுச் சங்கம். மாதந்தோறும் வீட்டுக்கு ஒரு சஞ்சிகை வருகிறது. அதில் சமையல் குறிப்பும் இருக்கிறது, இயக்குநர் தேர்தல் அறிவிப்பும் இருக்கிறது. சென்ற மாதம் "நீங்கள் எங்கள் உறுப்பினர், உரிமையாளர்" என்று ஒரு கடிதமும் சிறு தொகைக்கு ஒரு காசோலையும் வந்தன. கரண்ட் கம்பெனி நமக்குப் பணம் அனுப்புமா, இது ஏமாற்று வேலையா என்பது உங்கள் முதல் கேள்வி. அப்படி ஒரு சங்கத்தை மலேசியாவில், பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட் தோட்டங்களிலும் தாமான்கள் என்ற வீடமைப்புப் பகுதிகளிலும் நாமே தொடங்கலாமா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பதில்: ஏமாற்று வேலை இல்லை, அந்தப் பணம் அவருடையதேதான். இரண்டாவதற்கு என் பதில், மின்கம்பிக்காக ஒரு சங்கம் நமக்கு வேண்டாம் என்பது. ஆனால் அந்தச் சங்கங்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. இரண்டையும் விளக்கப் பழைய கதைக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

நான் பதினேழு வயதில் தோட்டத்து இஞ்சின் வீட்டில் எண்ணெய் துடைக்கும் பையனாகச் சேர்ந்தவன். பிறகு பரீட்சை எழுதி, மின் சாதனங்களைப் பொறுப்பேற்றுக் கவனிக்கும் சார்ஜ்மேன் ஆனேன். ஓய்வு பெறும்வரை மின்சாரமே என் தொழில். ஒரு சிறு கூட்டுறவுச் சங்கத்தின் வாரியத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். அதனால் உங்கள் கேள்வியின் இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கமானவை.

எங்கள் தோட்டத்தில் மாலை ஆறரைக்கு இஞ்சின் ஓடத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவோம். மறுபடி விடியற்காலை நாலரைக்கு, பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, ஆட்கள் எழுந்து கிளம்புவதற்காக ஒன்றரை மணி நேரம். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வீடு ஒன்றுக்கு ஒரு பல்பு, நாற்பது வாட். இஸ்திரிப் பெட்டி கூடாது. யாராவது மறைத்து வைத்துப் பயன்படுத்தினால் பியூஸ் போய் அந்த வரிசையே இருளும்; மறுநாள் தோட்டத்துக் கணக்கரான கிராணி முன்னால் போய் நிற்க வேண்டும். தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவுக்கு மட்டும் தனி இஞ்சின், இரவு முழுவதும். பத்து மணிக்கு நான் கையால் நெம்புகோலை இறக்கும்போது லயத்திலிருந்து "இன்னும் கொஞ்ச நேரம் விடேன்பா" என்று குரல் வரும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள் அவர்கள். விட முடியாது, டீசல் கணக்கு புத்தகத்தில் இருக்கிறது.

இதில் என் மனத்தை அறுத்தது எது தெரியுமா? கோலகங்சாருக்கு வடக்கே பேராக் ஆற்றின் குறுக்கே செண்டரோ அணை 1930-லேயே மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது. அந்த மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குப் போனது. ஈயவாரிக் கப்பல்களும் பம்புகளும் இரவு பகலாக ஓடின. எங்கள் தோட்டத்துக்கு, இன்றைய மின்சார நிறுவனமான தெனாகாவின் முன்னோடி எல்.எல்.என். என்ற தேசிய மின்சார வாரியத்தின் கம்பி வந்தது 1983-இல். அரை நூற்றாண்டு இடைவெளி. இத்தனைக்கும் நம் நாட்டில் மின்சாரத்தை முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் தமிழர்: 1894-இல் ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின் உற்பத்தி இயந்திரம் நிறுவியவர்கள் லோக் இயூவும் கா. தம்புசாமிப் பிள்ளையும். பத்துமலைக் கோயிலை அமைத்த அதே தம்புசாமிப் பிள்ளைதான். ஆக, மின்சாரம் நம் பக்கத்தில் இல்லாமல் இருந்ததில்லை. சுரங்கத்துக்குப் போனால் காசு வரும், லயத்துக்குப் போனால் வராது என்று கம்பிக்குச் சொந்தக்காரர்கள் கணக்குப் போட்டார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் இதே கணக்குத்தான் நடந்தது. 1930-களின் நடுவில் அங்கே நகரத்து வீடுகளில் பத்துக்கு ஒன்பதில் மின்விளக்கு எரிந்தது. பண்ணை வீடுகளில் பத்துக்கு ஒன்றில்தான். மின்சாரத்தை வைத்திருந்தவை தனியார் நிறுவனங்கள். நகரத்தில் ஒரு மைல் கம்பிக்கு எத்தனையோ வீடுகள். நாட்டுப்புறத்தில் மைலுக்கு மூன்று நான்கு. கம்பம் நட்டுக் கம்பி இழுக்க ஆகும் செலவு எப்போது திரும்பும் என்று கேட்டார்கள். அப்படியே வர வேண்டுமானால் கம்பிச் செலவை விவசாயியே முன்பணமாகக் கட்ட வேண்டும் என்றார்கள். எந்த விவசாயியிடம் அவ்வளவு பணம் இருந்தது?

உங்கள் அக்கா மகள் இருக்கும் ஜார்ஜியாவுக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. இளம்பிள்ளை வாதத்தால் கால் வலுவிழந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், வெந்நீர் ஊற்றில் குளித்துத் தேறுவதற்காக ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் வந்து தங்குவார். அங்கே அவருக்கு முதல் மாத மின் பில் வந்தபோது யூனிட்டுக்குப் பதினெட்டு சென்ட் போட்டிருந்ததாம். நியூயார்க் மாநிலத்தில் தன் சொந்த வீட்டுக்குக் கொடுப்பதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. ஏழைகள் வாழும் இடத்தில் விலை ஏன் இவ்வளவு என்ற யோசனை அந்த பில்லில்தான் பிறந்தது என்று, அதிபரான பிறகு, 1938 ஆகஸ்டில் ஜார்ஜியாவின் பார்ன்ஸ்வில் ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் மின் திட்டத்தைத் தொடக்கிவைத்துப் பேசும்போது அவரே சொன்னார்.

1935 மே 11-இல் அவர் கிராம மின்மயமாக்க நிர்வாகம் என்ற அமைப்பை ஏற்படுத்தினார். அடுத்த ஆண்டு மே மாதம் அதற்குச் சட்டமும் வந்தது. அரசு குறைந்த வட்டிக்குக் கடன் தரும், தனியார் நிறுவனங்கள் வாங்கிக்கொண்டு கம்பி இழுக்கட்டும் என்பதுதான் முதல் எண்ணம். நிறுவனங்கள் என்ன சொன்னன தெரியுமா? முக்கியப் பண்ணை வேலைக்கு மின்சாரம் தேவைப்பட்டும் இன்னும் கிடைக்காத பண்ணைகள் மிகக் குறைவு என்று அறிக்கை கொடுத்தன. பத்துக்கு ஒன்பது பண்ணைகள் இருளில் கிடந்த நாட்டில்! இந்த வரியை நான் முதன்முதலில் படித்தபோது, லயத்து ஆட்களுக்கு ஒரு பல்பு போதும் என்று சொன்ன குரல் என் காதில் கேட்டது.

அப்போது முன்வந்தவர்கள் விவசாயிகள். கூட்டுறவுச் சங்கம் அமைத்தால் கடன் எங்களுக்குத் தருவீர்களா என்று கேட்டார்கள். மிசிசிப்பி மாநிலத்தில் கொரிந்த் ஊரை மையமாக வைத்து ஆல்கார்ன் வட்டாரத்து மக்கள் 1934-லேயே ஒரு மின்சாரச் சங்கம் நடத்திக் காட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்கள் கிளம்பினார்கள். அக்கம்பக்கத்து விவசாயி ஒருவர் சேற்று வழியில் வீடு வீடாகப் போவார். உறுப்பினர் கட்டணம் ஐந்து டாலர். பஞ்ச காலம் அது. அந்த ஐந்து டாலரைப் பலர் முட்டை விற்றும் கடன் வாங்கியும் கொடுத்தார்கள். திருப்பி வருமா என்ற பயம் இருந்தது. சில இடங்களில் சங்கம் உருவாகப்போகிறது என்று தெரிந்ததும் தனியார் நிறுவனங்கள் அவசர அவசரமாக வந்து, நன்றாகக் காசு தரக்கூடிய நான்கு வீடுகளுக்கு மட்டும் கம்பி இழுத்துவிட்டுப் போகும். மிச்சமிருப்பவர்களைக் கொண்டு சங்கம் நடத்த முடியாமல் போக வேண்டும் என்பதற்காக. வன்மத்தில் இழுத்த அந்தக் கம்பிகளுக்கு விவசாயிகள் பகைக் கம்பி என்றே பெயர் வைத்தார்கள்.

எப்படிச் சமாளித்தார்கள் என்பதைத் தொழில்காரனாக நான் கொஞ்சம் ஆசையோடு சொல்கிறேன். ஒரு மைல் கம்பிக்கு இரண்டாயிரம் டாலர்வரை ஆகும் என்று நிறுவனங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. கூட்டுறவுப் பொறியாளர்கள் அதை ஆயிரத்துக்குக் கீழே கொண்டுவந்தார்கள். நடுவில் எஃகு இழை வைத்த அலுமினியக் கம்பி உறுதியானது என்பதால் கம்பத்துக்குக் கம்பம் இடைவெளியைக் கூட்டினார்கள். மைலுக்குக் கம்பங்கள் குறைந்தன. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வரைபடம், ஒரே மாதிரி உதிரிப் பாகம். ஒரு கும்பல் குழி தோண்டிக்கொண்டே போகும், அடுத்தது கம்பம் நடும், அதற்கடுத்தது கம்பி இழுக்கும். மீட்டர் படிக்கத் தனி ஆள் வைக்கவில்லை. உறுப்பினரே தன் மீட்டரைப் படித்து எழுதி அனுப்பினார். தன் சங்கம் என்பதால் பொய் எழுத மனம் வராது. 1950-களின் நடுவிலேயே பண்ணைகளில் பத்துக்கு ஒன்பதில் விளக்கு எரிந்தது. இருபது ஆண்டுகளுக்குள்.

இன்று அங்கே அப்படி ஏறக்குறைய 900 சங்கங்கள், 4 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு மின்சாரம் தருகின்றன. நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் அவற்றின் கம்பிதான் ஓடுகிறது. ஜார்ஜியாவில் மட்டும் 41.

இனி அந்தக் காசோலை. கூட்டுறவுச் சங்கத்துக்கு லாபம் என்று ஒன்று கிடையாது. செலவு போக மிஞ்சுவது உறுப்பினருடையது. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு சங்கத்துக்கு ஆண்டு வருமானம் 5 கோடி டாலர், செலவு 4 கோடியே 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 20 லட்சம். உங்கள் அக்கா மகள் அந்த ஆண்டு 1,500 டாலருக்கு மின்சாரம் வாங்கியிருந்தால், மொத்த வருமானத்தில் அவர் பங்கு எவ்வளவோ அதே விகிதத்தில் அந்த 20 லட்சத்திலும் அவருக்கு 60 டாலர் உண்டு. இந்த 60 டாலரை உடனே கையில் தர மாட்டார்கள். அவர் பெயரில் வரவு வைத்துவிட்டு, அந்தப் பணத்தைக் கொண்டு கம்பமும் டிரான்ஸ்பார்மரும் வாங்குவார்கள். வெளியே கடன் வாங்குவது அந்த அளவுக்குக் குறைகிறது. சங்கத்தின் நிதிநிலை இடம் கொடுக்கும்போது, பத்து, இருபது, சில இடங்களில் முப்பது ஆண்டுகள் கழித்து, பழைய வரவுகளிலிருந்து வரிசையாகத் திருப்பித் தருவார்கள். இதற்கு அவர்கள் மூலதன வரவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிலருக்குக் காசோலை வரும், சிலருக்கு பில்லில் கழிப்பார்கள்.

நம் ஊரில் தெரிந்த லாப ஈவுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஈவு என்பது எத்தனை பங்கு வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பார்த்து வருவது. இது எவ்வளவு பயன்படுத்தினீர்கள் என்பதைப் பார்த்து வருவது. பழைய தோட்டத்துக் கூட்டுறவுக் கடை நினைவிருக்கிறவர்களுக்கு உடனே புரியும்: ஆண்டுக் கடைசியில் சிட்டையைக் கூட்டிப் பார்த்து, வாங்கிய அரிசி பருப்புக்குத் தக்கபடி கழிவு கொடுப்பார்களே, அதே முறைதான். வோட்டும் அப்படியே. மரம் அறுக்கும் மில் வைத்து மாதம் பல ஆயிரம் டாலர் பில் கட்டுகிறவருக்கும் ஒரு வோட்டு, தனியே வாழும் பாட்டிக்கும் ஒரு வோட்டு. இதை நம் தோட்டத்தில் வைத்து ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். துரைக்கு ஒரு வோட்டு, ரப்பர் பால்வெட்டுகிறவருக்கு ஒரு வோட்டு. பத்து மணிக்கு இஞ்சினை நிறுத்துவதா என்று கூட்டத்தில் கை தூக்கச் சொல்லியிருந்தால் நான் அந்த நெம்புகோலை இறக்கியிருக்க வேண்டியிருக்காது.

சஞ்சிகையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை விளம்பரத் தாள் என்று தூக்கிப் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். எந்தத் தெருவில் எப்போது மரக்கிளை வெட்டப் போகிறார்கள், எந்த நாளில் மின்தடை, கட்டணம் ஏன் மாறுகிறது, இயக்குநர் பதவிக்கு யார் நிற்கிறார்கள், ஆண்டுப் பொதுக்கூட்டம் எங்கே என்பதெல்லாம் அதில்தான் வரும். பொதுக்கூட்டத்தில் சாப்பாடு போடுவார்கள், அதிர்ஷ்டக் குலுக்கல் வைப்பார்கள், கம்பத்தின் உச்சிக்கு ஆளைத் தூக்கும் லாரியைப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். கட்டாயம் போகச் சொல்லுங்கள்.

அந்தத் தாள்களில் நான் எப்போதும் மதிப்போடு பார்ப்பது பாதுகாப்புப் பக்கம். அறுவடைக் காலம் வந்தால் தானியம் ஏற்றும் நீண்ட குழாய் இயந்திரத்தை மேல்கம்பியில் இடித்துவிடாதீர்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் எழுதுவார்கள். நம்மிடம் அதே ஆபத்து வேறு உருவில் இருக்கிறது: செம்பனைக் குலை வெட்டும் அலுமினியக் கம்பு. உயர்ந்த மரத்துக்குக் கம்பை இணைத்து இணைத்து நீட்டுகிறோம். பக்கத்தில் கம்பி போவதை நிமிர்ந்து பார்க்கும்போது காலம் கடந்துவிடுகிறது. வெறும் காலோடு ஈர மண்ணில் நிற்பவனுக்கு மின்சாரம் இரண்டாம் வாய்ப்புத் தருவதில்லை. கம்பி ஓடும் வரிசையில் அலுமினியக் கம்பைத் தூக்காதீர்கள். கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் மட்டையை நீங்களாக இழுக்காதீர்கள். தெனாகாவின் 15454 எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். புதிதாக வந்திருக்கும் வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கும் அவர்களுக்குப் புரிகிற மொழியில் இதைச் சொல்லிக் கொடுங்கள். இந்த நீண்ட பதிலில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்தால் போதும்.

அந்தச் சங்கங்களுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டாவது கேள்விக்கு அது தேவை. வீட்டுக்குக் கம்பி இழுக்கும் சங்கம் ஒன்று. அப்படிப்பட்ட பல சங்கங்கள் சேர்ந்து மின் உற்பத்திக்கென்று அமைக்கும் பெரிய சங்கம் இன்னொன்று. ஜார்ஜியாவில் 38 சங்கங்களுக்குச் சொந்தமான ஓகல்தோர்ப் என்ற அமைப்பு அந்த வேலையைச் செய்கிறது. 2023-லும் 2024-லும் ஓடத் தொடங்கிய வோக்டில் அணுமின் நிலையத்தின் புதிய இரண்டு உலைகளில்கூட அதற்கு முப்பது சதவீதப் பங்கு. ஐந்து டாலர் கொடுத்துச் சேர்ந்த விவசாயிகளின் பேரப்பிள்ளைகளுக்கு அணு உலையில் பங்கு! புயல் வந்தால் ஒரு சங்கத்துக்கு மற்றச் சங்கங்கள் ஆளும் லாரியும் அனுப்பும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் ஜார்ஜியாவில் கம்பங்களைச் சாய்த்தபோது வெளி மாநிலச் சங்கங்களின் தொழிலாளர்கள் வந்து நின்றார்கள். 2019-இல் ஜார்ஜியா சட்டம் இடம் கொடுத்த பிறகு, சில சங்கங்கள் இணைய வசதிக்கும் கம்பி இழுக்கின்றன. காரணம் பழையதேதான்: மைலுக்குச் சில வீடுகள் மட்டும் இருக்கும் இடத்துக்குத் தனியார் நிறுவனம் வர யோசிக்கிறது.

சரி, நாம் தொடங்கலாமா? இது உலகத்தில் அமெரிக்காவுக்கு மட்டும் உரிய வழியன்று. பிலிப்பீன்ஸில் 120-க்கு மேற்பட்ட மின்சாரக் கூட்டுறவுகள் இருக்கின்றன. வங்காளதேசக் கிராமங்களுக்கு மின்சாரம் தந்தவை பல்லி பித்யுத் சமிதி என்ற சங்கங்கள். இந்தியாவில் கர்நாடகத்தின் ஹுக்கேரியிலும் தெலங்கானாவில் நெசவாளர்கள் நிறைந்த சிரிசில்லாவிலும் இத்தகைய சங்கங்கள் உண்டு. ஆனாலும் சுங்கை சிப்புட்டில் வேண்டாம் என்கிறேன்.

ஏனென்றால் அமெரிக்க விவசாயி சங்கம் தொடங்கியது கம்பி வராததால். நம் வீட்டுக்குக் கம்பி வந்துவிட்டது. தீபகற்பத்தில் வீட்டுக்கான கட்டண விகிதம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். கோலாலம்பூர் வீட்டுக்கும் லயத்து வீட்டுக்கும் ஒரே அட்டவணை. தூரத்துக் கம்பிக்கு ஆகும் கூடுதல் செலவை நாடு முழுவதும் சேர்ந்து சுமக்கிறது. உட்புற ஊர்களுக்குக் கம்பி நீட்ட அரசின் கிராமப்புற மின் விநியோகத் திட்டமும் இருக்கிறது. நாமே சங்கம் வைத்துப் பிரிந்தால், சில நூறு வீடுகள் சேர்ந்து டிரான்ஸ்பார்மர், கம்பம், இருபத்து நான்கு மணி நேரமும் ஆள், எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். ஒரு டிரான்ஸ்பார்மர் இடி விழுந்து போனால் சங்கத்தின் கையிருப்பே காலியாகும். 1990-ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டப்படி எரிசக்தி ஆணையத்தின் உரிமம் இல்லாமல் பிறருக்கு மின்சாரம் வழங்கவும் முடியாது. உரிமம் வாங்குவது முடியாத காரியம் என்று நான் சொல்லவில்லை. கூலிம் தொழிற்பூங்காவில் தனி நிறுவனம் ஒன்று விநியோகம் செய்கிறது. ஆனால் அது தொழிற்சாலைகள் நெருக்கமாக இருக்கும் இடம்.

சூரியத் தகடு வைத்து நாமே உற்பத்தி செய்யலாமே என்று அடுத்து ஒருவர் கேட்பார். தாமானில் சொந்த வீடு இருப்பவர்கள் தாராளமாக வைக்கலாம். உபரி மின்சாரத்தைக் கம்பிக்கு அனுப்பி பில்லில் கழித்துக்கொள்ளும் முறை 2016-லிருந்து நடைமுறைக்கு வந்தது, விதிகள் அவ்வப்போது மாறுவதால் இன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். தோட்டத்துக் குடியிருப்பில் இன்னும் இருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: கூரை உங்களுடையதா? மூன்று தலைமுறை வாழ்ந்த வீடு. ஆனால் கூரை கம்பெனியுடையது. அதில் ஓர் ஆணி அடிக்கவும் நமக்கு உரிமை இல்லை. மின்சாரத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு நிலத்தில் போய் முடிவது இதனால்தான்.

அந்த நிலத்துக்காக நம்மவர்கள் ஒருமுறை அமெரிக்க விவசாயிகள் செய்ததையே செய்திருக்கிறார்கள். 1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று சொன்னாலே இன்றும் பெரியவர்கள் முகம் மாறும். வேலையும் வீடும் ஒரே நாளில் போன காலம். 1960-இல் நம் சுங்கை சிப்புட்டின் பிள்ளையான துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி (நம் நாட்டுப் பணம்) கொடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று கேட்டார்கள். பால்வெட்டுத் தொழிலாளியின் அன்றைய சம்பளத்தில் பத்து வெள்ளி எவ்வளவு பெரிய தொகை! கொடுத்தார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பின்னர் மேலும் பல. முட்டை விற்று ஐந்து டாலர் கொடுத்த ஜார்ஜியா விவசாயியும் வயிற்றைக் கட்டிப் பத்து வெள்ளி கொடுத்த நம் பாட்டியும் ஒன்றையொன்று அறியாத இரு உறவுகள் என்று எனக்குத் தோன்றும்.

ஆகவே உங்கள் கேள்வியை நான் கொஞ்சம் திருப்பி வைக்கிறேன். புதிதாக ஒரு சங்கம் தேவையா என்பதைவிட, நாம் ஏற்கெனவே உரிமையாளராக இருக்கும் சங்கங்களில் என்ன செய்கிறோம்? நான் வாரியத்தில் இருந்த சிறு சங்கத்தில், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள், சேராமல் ஒருமுறை ஒரு மணி நேரம் காத்திருந்தோம். வாசலில் நின்று போன் போட்டு ஆள் அழைத்தோம். வந்தவர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கணக்கு வாசிக்கும் முன் கிளம்பினார்கள். மனம் ஒடிந்துபோய் வீட்டுக்கு வந்தேன்.

அமெரிக்காவிலும் இந்த நோய் உண்டு. பத்தில் ஏழு மின்சாரச் சங்கங்களில் இயக்குநர் தேர்தலுக்கு வோட்டுப் போடுகிறவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு என்று 2016-இல் ஓர் ஆய்வு சொன்னது. பிற்காலத்தில் அதிபரான லிண்டன் ஜான்சன் இளவயதில் பாடுபட்டு உருவாக்கிய டெக்சஸின் பெடர்னேல்ஸ் சங்கம், 1938-இல் பிறந்து நாட்டிலேயே பெரியதாக வளர்ந்தது. காலப்போக்கில் யார் இயக்குநராக நிற்கலாம் என்பதையே உள்ளே இருப்பவர்கள் தீர்மானிக்கும் நிலை வந்தது. 2007-இல் உறுப்பினர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2008-இல் சமரசம் ஏற்பட்டுத் தேர்தல் திறந்த முறைக்கு மாறியது. கூட்டத்துக்குப் போகாத உறுப்பினர்களின் சொத்து எப்படிக் கைநழுவும் என்பதற்கும், போய்க் கேட்டால் எப்படித் திரும்பும் என்பதற்கும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அவர்களிடமிருந்து நாம் நாளைக்கே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றும் இருக்கிறது. 1989-இல் தென் கரோலினாவின் பால்மெட்டோ மின்சாரச் சங்கம் ஒரு வழி கண்டது. பில் 86 டாலர் 37 சென்ட் என்றால், சம்மதித்த உறுப்பினர் 87 டாலராகக் கட்டுவார். அந்தச் சில்லறை ஊர்ப் பொதுநிதிக்குப் போகும். ஓர் ஆண்டு முழுவதும் சேர்ந்தாலும் ஒரு குடும்பத்துக்குப் பன்னிரண்டு டாலருக்குள்தான். ஆயிரம் குடும்பம் சேர்ந்தால் ஒருவருடைய கூரை மாறும், ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு ஓடும். மற்றச் சங்கங்களும் பலவாக இதைப் பின்பற்றின. நம் கூட்டுறவுக் கடைகளும் கடன் சங்கங்களும் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக இதைச் செய்ய எந்த உரிமமும் தேவையில்லை. பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

உங்கள் அக்கா மகளுக்கு இரண்டு செய்தி சொல்லுங்கள். காசோலை உண்மையானது, ஆனால் அதைக் காரணம் காட்டி யாராவது தொலைபேசியில் வங்கி எண் கேட்டாலோ, பணம் கட்டாவிட்டால் அரை மணியில் கரண்டை வெட்டுவோம் என்று மிரட்டினாலோ நம்ப வேண்டாம், பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அவரே கூப்பிட்டுக் கேட்கட்டும். இரண்டாவது, வீடு மாறினால் புது முகவரியைச் சங்கத்துக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும். மூலதன வரவு இருபது ஆண்டு கழித்தும் தேடி வரும். முகவரி இல்லாததால் உரியவர் கைக்குப் போகாமல் கிடக்கும் பணம் அங்கே நிறைய. இறந்துபோன உறுப்பினரின் வரவை வாரிசுகள் கேட்டு வாங்கவும் முடியும்.

வாரிசு என்றதும் என் அம்மா நினைவு வருகிறது. அவர் காலமான பிறகு அலமாரிக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தேன். தாலிக்கொடி செய்த ரசீது, என் தம்பியின் பிறப்புப் பத்திரம், அவற்றுக்கு அடியில் ஒரு கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரம். பெயர் தமிழில் கிறுக்கலாக, கைநாட்டோடு. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கலாம், தேடிப் பாருங்கள். கிடைத்தால் அசல் பத்திரம், இறந்தவரின் அடையாள அட்டை எண், இறப்புச் சான்றிதழ், உங்கள் பிறப்புப் பத்திரம் இவற்றோடு அந்தச் சங்கத்தின் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். வாரிசாக யாரையாவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். பெயர் மாற்றம் முடிந்ததும் அடுத்த பொதுக்கூட்டத்தின் தேதியையும், உங்கள் பகுதியின் பேராளர் யார் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.